காற்றும் சாயமும் காட்டிக்கொடுக்கும் கிருமிகள்

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து அன்றுதான் சற்று ஓய்ந்திருக்கிறது. முந்தின நாள் மாலை வரை வைக்கோல் தின்று அசைபோட்ட மாடு, விடிந்து கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால் செத்துக் கிடக்கிறது. வயிறு உப்பியிருக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் கருஞ்சிவப்பான ரத்தம் கசிந்து, உறையாமல் நிற்கிறது. பாம்பு தீண்டியிருக்கும் என்கிறார் ஒருவர். விஷப் பூண்டைத் தின்றிருக்கும் என்கிறார் இன்னொருவர். மாடு வாங்கிய கடனே இன்னும் தீரவில்லை. தோலையாவது உரித்து விற்றால் நாலு காசு கிடைக்குமே என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். நட்டப்பட்டவர் அப்படித்தான் நினைப்பார்.

தகவல் கேட்டு வந்த கால்நடை மருத்துவரோ மாட்டை அறுத்துப் பார்ப்பதில்லை. காது நுனியில் ஊசியால் குத்தி, ஒரே ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி உலர்த்தி எடுத்துக்கொள்கிறார். குத்திய இடத்தைக் கிருமிநாசினியில் நனைத்த பஞ்சால் அடைக்கிறார். யாரும் கத்தி வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் புறப்படுகிறார். அறுத்துப் பார்க்காமல் இவருக்கு என்ன தெரிந்துவிடும் என்று கூட்டத்தில் முணுமுணுப்பு எழுவது இயற்கைதான்.

அந்தச் சொட்டு ரத்தத்தில் அவர் தேடுவது என்ன? கத்தி வைக்கக் கூடாது என்பது ஏன்? இரண்டுக்கும் விடை, கிருமிகளின் இரண்டு குணங்களில் இருக்கிறது. காற்றிலுள்ள பிராணவாயு அந்தக் கிருமிக்கு வேண்டுமா, வேண்டாமா என்பது ஒன்று. எந்தச் சாயத்தை அது பிடித்துக்கொள்கிறது என்பது மற்றொன்று. இது பள்ளிக்கூடப் பாடம்போலத் தோன்றும். ஆனால் நமது கொட்டகையில் நிற்கும் மற்ற மாடுகளின் உயிரும், அவற்றைக் கறக்கிறவர்களின் உயிரும் இதில் அடங்கியிருக்கின்றன.

காற்று வேண்டுவன, வேண்டாதன

பாக்டீரியா என்னும் நுண்ணுயிர் கண்ணுக்குத் தெரியாதது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால், அதில் சில பங்கு நீளம்தான் இருக்கும். மாடும் மனிதனும் காற்றில்லாமல் பிழைக்க முடியாது என்பதால் எல்லா உயிர்களும் அப்படித்தான் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். 1861ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர், கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் அடிக்கும் ஒரு புளித்த திரவத்தில் ஒரு துளியை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். துளியின் நடுவில் இருந்த கிருமிகள் துள்ளித் திரிந்தன. காற்றுப்படும் ஓரத்தில் இருந்தவை அசைவற்றுக் கிடந்தன. காற்றே விஷமாகும் உயிர்களும் உண்டு என்பது அன்று தெரிந்தது.

நமது தோட்டத்திலேயே இதைப் பார்க்கலாம். சாண எரிவாயுக் கலனுக்குள் எரிவாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் காற்றில்லாத இடத்தில்தான் வேலை செய்யும். உள்ளே காற்றுப் புகுந்தால் அவை முடங்கும். கம்போஸ்டுக் குவியலைக் கிளறிவிட்டால் சூடேறி வேகமாக மட்குவது காற்று வேண்டும் வகையினால். இட்லி மாவைப் புளிக்க வைப்பவை காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும் இரட்டை வகை. ஆக, காற்று கட்டாயம் வேண்டுவன, காற்று ஆகாதன, இரண்டிலும் வாழ்வன என்று பெரும்பாலான கிருமிகளை மூன்று கூட்டமாகப் பிரித்துவிடலாம். இவற்றுக்கு நடுவே கொஞ்சம் காற்று மட்டும் வேண்டும் என்கிற ரகங்களும் உண்டு. அவை இங்கே நமக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில கிருமிகள், எல்லாம் அல்ல, சிலவே, கஷ்ட காலம் வந்தால் ஸ்போர் என்னும் கெட்டியான வித்தாக மாறி உறங்கிவிடும். வெயில், வறட்சி, சாதாரணக் கிருமிநாசினி எதற்கும் அந்த வித்து லேசில் அசையாது.

சாயம் சொல்லும் சேதி

கிருமிகள் நிறமற்றவை. நுண்பெருக்கியில் வைத்தாலும் தண்ணீரில் கிடக்கும் கண்ணாடித் தூள்போல மங்கலாகவே தெரியும். ஆகவே சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். 1884ல் டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பெர்லின் நகர மருத்துவமனையில், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலை ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஒரு முறையைக் கண்டார். முதலில் ஊதாச் சாயம், அதன்மேல் அயோடின் கரைசல், பிறகு ஸ்பிரிட் விட்டு அலசுதல். சில கிருமிகள் ஊதா நிறத்தை விடாமல் பிடித்துக்கொண்டன. மற்றவை வெளுத்துப்போயின. வெளுத்தவையும் தெரிய வேண்டும் என்பதற்காகக் கடைசியில் ஒரு சிவப்புச் சாயம் ஊற்றும் வழக்கம் பிறகு வந்தது. தமது முறை குறையுள்ளது என்றுதான் கிராம் எழுதினார். இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் முதல் வேலை அதுதான்.

ஊதாவாக நிற்பவை கிராம் பாசிட்டிவ். சிவப்பாக மாறுபவை கிராம் நெகட்டிவ். இங்கே கிராம் என்பது எடையல்ல, அந்த மருத்துவரின் பெயர். ஏன் இந்த வித்தியாசம்? ஊதா வகைக்குச் சுவர் கனமானது, பழைய வீட்டு மண்சுவர் மாதிரி. உள்ளே போன சாயம் வெளியேற வழியில்லை. சிவப்பு வகையின் சுவர் மெல்லிய தட்டி. தட்டியின்மேல் கொழுப்புக் கலந்த ஒரு படலம் போர்த்தியிருக்கும். ஸ்பிரிட் அந்தப் படலத்தைக் கரைத்து, சாயத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. சுவர் எப்படிப்பட்டது என்று தெரிந்தால், அதை எந்த மருந்து உடைக்கும் என்பதற்கும் ஒரு துப்புக் கிடைக்கிறது.

அடைப்பான்: கத்திக்குக் காத்திருக்கும் கிருமி

இப்போது செத்த மாட்டிடம் வருவோம். மருத்துவர் சந்தேகப்பட்டது அடைப்பான் நோயை. ஆந்த்ராக்ஸ் என்பதும் இதுவே. இதன் கிருமி ஊதா நிறம் பிடிக்கும் குச்சி வடிவக் கிருமி, வித்தாக மாறக்கூடியது. ஆனால் மாட்டின் உடம்புக்குள் இருக்கும் வரை அது வித்தாவதில்லை. வித்தாக அதற்கு வெளிக்காற்றின் பிராணவாயு வேண்டும்.

சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. செத்த மாட்டை அறுக்காமல் விட்டால், குடலில் இருந்து கிளம்பும் அழுகல் கிருமிகள் உள்ளே மிச்சமிருக்கும் காற்றைத் தீர்த்துவிடுகின்றன. வித்தாக முடியாமல் அடைப்பான் கிருமிகள் சில நாளில் அங்கேயே மடிந்துபோகின்றன. அறுத்தாலோ, ரத்தம் மண்ணில் கொட்டுகிறது, காற்றுப் படுகிறது, சில மணி நேரத்தில் கோடிக்கணக்கில் வித்துகள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. அதாவது, ஒரு மாட்டோடு முடிய வேண்டிய நோயை ஒரு மேய்ச்சல் தரைக்கே எழுதிக்கொடுப்பது அந்தக் கத்திதான். மூக்கு வழியாகத் தானே கசிந்த ரத்தமும் அப்படியே வித்தாகும் என்பதால்தான், துவாரங்களைக் கிருமிநாசினியில் நனைத்த துணியால் அடைக்கச் சொல்கிறார்கள்.

அந்த வித்து எத்தனை நாள் இருக்கும்? ஸ்காட்லாந்து கடற்கரையை ஒட்டி குருனார்ட் என்று ஒரு சிறு தீவு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ல், பிரிட்டிஷ் அரசு அங்கே ஆடுகளைக் கட்டிவைத்து அடைப்பான் கிருமிக் குண்டுகளைச் சோதித்துப் பார்த்தது. அதன்பின் தீவில் யாரும் கால் வைக்க முடியவில்லை. 1986ல் கடல்நீரில் பார்மலின் கலந்து தரை முழுவதும் ஊற்றிக் கழுவினார்கள். 1990ல்தான் தீவு பாதுகாப்பானது என்று அறிவித்தார்கள். 48 ஆண்டுகள்! ஓர் அரசாங்கத்துக்கே இந்தப் பாடு என்றால், ஊர்ப் புறம்போக்கில் சிந்திய ரத்தத்தை யார் கழுவுவது?

பிரான்சில் சார்த்ர் நகரை ஒட்டிய வயல்களில் ஆண்டுதோறும் ஆடுகள் திடீர் திடீரென்று சாகும். சாபம் பிடித்த வயல்கள் என்றே குடியானவர்கள் சொல்லுவார்கள். முன்பு அடைப்பானில் செத்த ஆடுகளைப் புதைத்த இடங்கள் அவை. மண்புழுக்கள் வித்துகளை மேலே கொண்டுவருகின்றன என்று பாஸ்டர் காட்டினார். நமது ஊர்களிலும், இந்தத் தரையில் மாடு மேய்த்தால் ஆகாது என்று பெரியவர்கள் சொல்லும் இடங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் அடைப்பான்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சொல்லை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதும் சரியல்ல.

மனிதருக்கும் இது வரும். தோல் உரித்தவரின் கையில் சிறு கொப்புளமாகக் கிளம்பி, நடுவில் கரிக்கட்டைபோலக் கறுத்து நிற்கும். பெரும்பாலும் வலி இருக்காது. அதனாலேயே அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். உடனே மருத்துவரிடம் காட்டினால் குணமாகக்கூடியது. காட்டும்போது செத்த மாட்டைத் தொட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இறைச்சியைத் தின்றவருக்கு வரும் நோய் இதைவிடக் கொடியது.

தாமதித்தால் ஆள் மாறாட்டம்

அந்தக் கண்ணாடித் துண்டுக்குத் திரும்புவோம். கிராம் சாயம் மட்டும் போட்டால் போதாது. அடைப்பான் கிருமியும் ஊதாக் குச்சி. அடுத்துச் சொல்லப்போகும் சப்பை நோய்க் கிருமியும் ஊதாக் குச்சி. செத்துப் பல மணி நேரமான மாட்டின் ரத்தத்தில் குடலிலிருந்து புகுந்துவிடும் அழுகல் கிருமிகளிலும் ஊதாக் குச்சிகள் உண்டு. ஆகவே மெத்திலின் நீலம் என்ற வேறொரு சாயமும் போடுகிறார்கள். அதில் அடைப்பான் கிருமி நீலக் குச்சியாகவும், அதைச் சுற்றிய உறை இளஞ்சிவப்பாகவும் தெரியும். மக்பேடியன் என்ற கால்நடை மருத்துவ அறிஞர் 1903ல் கண்டுசொன்ன அடையாளம் இது. பிணம் அழுகத் தொடங்கினால் இந்த உறையும் சிதைந்து அடையாளம் கலைந்துவிடும். காலையில் செத்த மாட்டுக்குச் சாயங்காலம் ஆள் அனுப்பினால் மருத்துவர் சங்கடப்படுவது இதனால்தான். கால்நடை மருந்தகம் தொலைவில் இருந்தால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தாவது உடனே தெரிவித்துவிட வேண்டும். முடிவு தெரிந்தபின் பிணத்தை எரிப்பதோ ஆழப் புதைப்பதோ மருத்துவர் சொல்கிறபடி நடக்கட்டும். நீர்நிலைக்குப் பக்கத்தில் புதைப்பதும் ஓடையில் இழுத்துவிடுவதும் கூடவே கூடாது.

சப்பை நோய்: காற்று ஆகாத கிருமி

கொழுகொழுவென்று வளர்ந்த கிடேரியையும் காளைக்கன்றையுமே தேடி வருவது சப்பை நோய். ஆறு மாதம் முதல் இரண்டு மூன்று வயது வரை உள்ளவைதான் பெரும்பாலும் பலியாகும். கடும் காய்ச்சல், நொண்டல், தொடையிலோ சப்பையிலோ வீக்கம். வீக்கத்தை அழுத்தினால் உள்ளே நொறநொறவென்று சத்தம் கேட்கும். கிருமி உண்டாக்கும் வாயு தசைக்குள் அடைபட்ட சத்தம் அது. ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும்.

இந்தக் கிருமிக்குக் காற்று பகை. மண்ணில் வித்தாகக் கிடந்து, புல்லோடு வயிற்றுக்குள் போய், தசையில் எங்கோ உறங்கும். அடிபட்டுக் கன்றி, ரத்த ஓட்டம் குறைந்து, பிராணவாயு எட்டாத தசைதான் அதற்கு விளைநிலம். வெளியே புண் எதுவும் இல்லாமலே இந்த நோய் வருவது அதனால்தான். ஆரம்பத்திலேயே பென்சிலின் ஊசி போட முடிந்தால் சில பிழைக்கும். பெரும்பாலும் நாம் கவனிப்பதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. வீக்கத்தைக் கீறிவிட்டால் சரியாகும் என்று கத்தி வைப்பது சில ஊர்களில் வழக்கம். அதனால் வித்துகள் கொட்டகைத் தரையில் சிந்துவதே மிச்சம்.

இதே காற்று ஆகாத குடும்பத்தைச் சேர்ந்ததுதான் ஆடுகளின் துள்ளுமாரி. மழைக்குப் பின் தளிர்ப்புல்லையோ தானியத்தையோ வயிறு முட்டத் தின்ற குட்டி, துள்ளி விழுந்து சாகும். குடலுக்குள் ஏற்கெனவே இருந்த கிருமி ஒரேயடியாகப் பெருகி நஞ்சைக் கக்குவது காரணம். மந்தையில் நல்ல குட்டியாகப் பார்த்துச் சாகிறதே, கண்ணேறு பட்டுவிட்டதே என்பார்கள். நன்றாகத் தின்னும் குட்டிக்கே இது வரும் என்பதால் அப்படித் தோன்றுகிறது.

ரண ஜன்னியும் அதே குடும்பம். சாணத்திலும் மண்ணிலும் இதன் வித்து உண்டு. சாயம் போட்டுப் பார்த்தால் நுனி உருண்ட பறைக்குச்சிபோல இருக்கும். ஆணியோ முள்ளோ ஆழமாகக் குத்தி, மேல்வாய் மூடிக்கொண்ட சிறு புண்தான் இதற்கு வசதி. கன்றுக்கு விதை நீக்கிய புண்ணில் சாணி மண் படுவதும் அப்படியே. சிறிய புண்தானே என்று விடாமல் நன்றாகக் கழுவித் திறந்து வைப்பதும், மருத்துவரைக் கேட்டுத் தடுப்பூசி போட்டுக்கொள்வதும் மாட்டுக்கு மட்டுமல்ல, மண்வெட்டி பிடிக்கும் நமக்கும் வேண்டியவை.

பெயர் ஒன்று, நோய் வேறு

தொண்டை அடைப்பான் என்று ஒரு நோய் இருக்கிறது. பெயரில் அடைப்பான் இருப்பதால், இரண்டும் ஒன்றுதான், ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றதற்கும் காணும் என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர். கிருமியைப் பார்த்தால் குழப்பம் தீரும். இது சிவப்பு வகை, அதாவது கிராம் நெகட்டிவ். காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழும். ரத்தத்தில் எடுத்து மெத்திலின் நீலம் போட்டால் சிறு கிருமியின் இரு முனையும் கறுத்து, நடு வெளுத்து, இரண்டு புள்ளி வைத்தாற்போலத் தெரியும்.

முக்கியமாக, இது வித்தாக மாறாது. வெளியே மண்ணில் நெடுநாள் நிற்காது. அப்படியானால் ஆண்டுதோறும் எங்கிருந்து வருகிறது? நல்ல மாடுகள் சிலவற்றின் தொண்டையிலேயே தங்கியிருக்கிறது. மழையில் நனைந்து, பட்டினி கிடந்து, நெடுந்தூரம் ஓட்டப்பட்டு மாடு தளரும்போது தலைதூக்குகிறது. எருமைக்கு இது எமன். காய்ச்சல், எச்சில் வடிதல், தொண்டையில் சூடான வீக்கம், மூச்சுத் திணறல் என்று வரிசையாக வந்து ஒரே நாளில் முடிந்துவிடும். அடைப்பானுக்கு மண்ணைக் காக்க வேண்டும். தொண்டை அடைப்பானுக்கு மந்தையைக் காக்க வேண்டும். சந்தையில் வாங்கிய மாட்டை ஒரு வாரம் பத்து நாள் தனியே கட்டிப் பார்த்துச் சேர்ப்பது இதற்காகத்தான்.

மடிநோயில் சாயத்தின் உபயோகம்

சாவு என்று வராவிட்டாலும், கறவை வைத்திருப்பவரின் பிழைப்பைக் கெடுப்பது மடிநோய். ஊதா வகைக் கிருமிகளாலும் வரும், சிவப்பு வகையாலும் வரும். ஊதா வகை பெரும்பாலும் கறப்பவர் கை வழியாக, மாட்டுக்கு மாடு பரவுவது. சிவப்பு வகை சாணத்திலும் ஈரத் தரையிலும் இருந்து காம்புத் துளை வழியாக ஏறுவது. இது வந்தால் பால் தண்ணீராகி, மாடு காய்ச்சலில் படுத்துவிடவும் கூடும். முன்னதில் பல கிருமிகளுக்குப் பென்சிலின் கேட்கும். எல்லாவற்றுக்கும் அல்ல, பென்சிலினையே செரித்துவிடும் ஊதா ரகங்கள் பெருகிவிட்டன. பின்னதற்குப் பென்சிலின் ஊற்றுவது பெரும்பாலும் காசை ஊற்றுவதுதான். ஆகவே பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கேட்ட மருந்தைக் கடையில் வாங்கிக் காம்பில் ஏற்றாமல், மருந்து போடுவதற்கு முன்பே பாலைச் சோதனைக்குக் கொடுப்பது லாபம்.

பால் எடுக்கும் விதம் சரியாக இருக்க வேண்டும். மடியைக் கழுவித் துடைத்து, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் சில பீச்சுப் பாலை விட்டுவிட்டு, பிறகு மருத்துவர் தரும் சுத்தமான குப்பியில் பிடிக்க வேண்டும். சாணிக் கையால் பிடித்தால் ஆய்வுக்கூடத்தில் தெரிவது கையின் கிருமிதான். மருந்து போட்ட மாட்டின் பாலை மருத்துவர் சொன்ன நாள் வரை வீட்டுக்கும் எடுக்கக் கூடாது, சொசைட்டிக்கும் ஊற்றக் கூடாது.

ஊசி போடும்போது கேட்க வேண்டியது

தொண்டை அடைப்பான், சப்பை நோய், அடைப்பான், துள்ளுமாரி எல்லாவற்றுக்கும் தடுப்பூசி உண்டு. 1932 முதல் இயங்கிவரும் ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இவற்றைத் தயாரித்து வருகிறது. தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசியாகவும் கிடைக்கிறது. ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். எனவே ஐப்பசி மழைக்கு ஆவணியிலேயே போட்டுவிட வேண்டும். பக்கத்து ஊரில் மாடு விழுந்த செய்தி வந்தபின் ஓடினால் பலன் குறைவு. கன்றுகளுக்கு எந்த வயதில், ஆட்டுக்குட்டிக்கு இரண்டாம் ஊசி எப்போது என்பதை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளலாம். முகாமில் ஊசி போட்டதும், எந்த நோய்க்கு என்று பெயரைக் கேட்டு, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கவும்.

அடைப்பான் ஊசி மட்டும் எல்லா ஊருக்கும் வழக்கமாகப் போடுவதில்லை. முன்பு நோய் கண்ட பகுதிகளில்தான் ஆண்டுதோறும் போடுகிறார்கள். அதிலுள்ளது உயிருள்ள வித்து. மாக்ஸ் ஸ்டெர்ன் என்பவர் தென்னாப்பிரிக்காவில் 1930களில் உருவாக்கிய, அந்த இளஞ்சிவப்பு உறை இல்லாத, நோய் தரும் வலுக்குறைந்த ரகம். உயிருள்ளது என்பதால், அதைப் போடும் சமயத்தில் மாட்டுக்குப் பென்சிலின் போன்ற மருந்து கொடுத்தால் ஊசி வீணாகிவிடும். அண்மையில் மடிநோய்க்கோ புண்ணுக்கோ மருந்து போட்டிருந்தால் ஊசி போட வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.